முதல் பொன்னாடை யாருக்கு

என் மாமனார் பல நாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தருமபுரிக்குத் திரும்பியதும் மாவட்டத் தடகளச் சங்கத்துக்குத் தலைவராக இருக்கச் சொன்னார்கள், சம்மதித்தார். சங்கத்துக்குச் சொந்த மைதானம் கிடையாது. பென்னாகரம் சாலையில் ஒரு விவசாயி, சும்மா கிடந்த தன் நிலத்தை வாய்ப்பேச்சிலேயே விட்டிருந்தார். சுற்றுப்பக்கத்துப் பெண்பிள்ளைகள் காலையில் அங்கேதான் ஓடினார்கள். பஸ் ஏற்றி டவுனுக்கு அனுப்ப அவர்கள் வீடுகளில் ஒப்பமாட்டார்கள். என் நான்கு வயது மகளும் ஒருநாள் அங்கே ஓடுவாள் என்று நினைத்திருந்தேன்.

இந்த வருட விளையாட்டு விழாவில் யாருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவது என்பதை மாமாவே முடிவு செய்தார். தூதரக வழக்கப்படி பதவி வரிசை. எங்கள் பக்கத்தில் இடம் கொடுத்தவருக்குத்தான் முதல் மரியாதை.

"மாமா, நெலத்துக்காரருக்கு மொதல்ல போத்திடலாங்களா?"

"அவர் நம்ம ஆளும்மா. வந்தவங்களத்தான் முதல்ல கவனிக்கணும்."

உலகம் சுற்றியவரிடம் அதற்குமேல் பேசத் தயங்கினேன். பேசியிருந்தாலும் கேட்டிருப்பாரா, தெரியவில்லை.

வராத ஓர் அதிகாரிக்குப் பதிலாக வந்த உதவியாளருக்கும் போர்த்திய பிறகே விவசாயியைக் கூப்பிட்டார்கள். அவர் பொன்னாடையை வாங்கி, மடித்து, நாற்காலியில் வைத்தார். "மாடு புடிச்சுக் கட்டணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நிலமெங்கும் மாங்கன்று வைக்கக் குழிகள். மாமா என்னையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். காபி கொடுத்தார்கள்.

"ஒரு நடுவழி பார்ப்போம். ஒரு ஓரமா மட்டும் விடுங்க. அடுத்த வருஷம் முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

"கேட்டு வாங்குனா அது மரியாதைங்களா சார்? மாங்கன்னுக்குச் சொல்லிட்டனுங்க."

அவர் மனைவி உள்ளிருந்தே சொன்னார்: "அந்த உதவியாளரு வூட்டுல நெலம் இருக்குதான்னு கேட்டுப் பாருங்களேன்." பிறகு வெளியே வந்து என் மகளிடம், "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்க கண்ணு" என்றார்.



கன்றுகள் வேர் பிடித்துவிட்டன. சொட்டுநீர்க் குழாயும் போட்டாயிற்று. ஓடியவர்களில் நன்றாக ஓடியவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். மாமா இன்னும் தலைவர்தான்; மைதானம் கேட்டு அலுவலகம் அலுவலகமாகப் போகிறார், எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லி அனுப்புகிறார்கள். என் மகள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஓடுகிறாள். மேசை முனை இடித்துவிடும் என்று நான்தான் பிடித்து உட்கார வைக்கிறேன்.