ஆத்துல ஓட்டுவா

ஸ்ரீவராகம் தெருவில் விஜயலக்ஷ்மி கார் வாங்கியது பெரிய விஷயமில்லை. அவள் என்ன கார் வாங்கினாள் என்பதுதான் தெருவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஐம்பத்தேழு வயது, டிரெஷரியில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவள், கைக்கு வந்த பணத்தில் காசிக்குப் போவாள், இல்லாவிட்டால் சமையலறைக்குப் புதுத் தரை போடுவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் வாங்கியது இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் வைத்த ஜெர்மன் கார். வெளியில் பார்த்தால் பரம சாது. காலை ஒரு அழுத்து அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். மயில்கழுத்து நீலம். கல்ஃபுக்குப் போன ஒரு பல் டாக்டர் விற்றுவிட்டுப் போனது.

"இத்தனை ஸ்பீடு என்னத்துக்கு மாமி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "போறதுக்குத்தான்."

கல்லிடைக்குறிச்சியிலிருந்து இந்த மலையாள ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் கிழக்கேகோட்டை பஸ்ஸில் இடிபட்டு ஆபீஸ் போனாள். மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மொபெட் வாங்கினாள். மடிசார் கட்டிக்கொண்டு கோலம் போட வேண்டிய வீட்டு மருமகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறாளே என்று மாமனார் ஒரு மாசம் பேசவில்லை. அவள் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டாள். நாற்பது தாண்டியதும் ஆபீஸில் கடன் போட்டு, தன் பேரில், ஒரு சின்ன வெள்ளைக் கார். நல்ல கார்தான், ஆனால் ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். பைபாஸில் கண்டவனெல்லாம் அவளைத் தாண்டிப் போனான். கோழிக்கூடு ஏற்றிய வண்டிகூட ஒரு நாள் தாண்டியது. பறந்து வந்த ஒரு இறகு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது. அன்றைக்குத்தான் அவள் தீர்மானம் பண்ணினாள்.

இங்கே அவள் புருஷர் நாகேஸ்வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலேஜ் லைப்ரேரியனாக இருந்தவர். தங்கமான மனுஷர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கார் ஓட்டவும் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பெண்டாட்டி பேரை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை, அவ்வளவுதான். அந்தத் தெருவில் அது ஒரு குறையும் இல்லை. அங்கே வீட்டுக்கு 'ஆம்' என்று பேர். வீட்டில் என்பது 'ஆத்துல'. வீட்டுக்காரியைச் சொல்லவும் அதே 'ஆத்துல'தான். "ஆத்துல கேட்டுச் சொல்றேன்" என்றால் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். "ஆத்துல ஜுரம்" என்றால் அவளுக்கு ஜுரம். நேரே கூப்பிட வேண்டுமென்றால் "இந்தா", "கேட்டயா". ஒரு தரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பேஷண்ட் பேர் என்ன என்று நர்ஸ் கேட்டதற்கு, "கைலாஷோட அம்மா" என்று சொன்னவர் அவர்.

அந்தக் கைலாஷ் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை. கார் வாங்கும் வேலையெல்லாம் அவன்தான் கம்ப்யூட்டரில் முடித்தான். பணம் அம்மாவுடையது, பதிவு அப்பா பேரில். "அப்பா பேர்ல இருந்தா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டாம்மா" என்றான். வண்டி வந்து நின்ற பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது. அதை அவள் மறக்கவில்லை.

பல் டாக்டர் எடுத்து வைத்திருந்த இன்ஷுரன்ஸ் மாசக் கடைசியோடு முடிகிறது. புதிதாக எடுக்க வேண்டும். எல்லாக் கம்பெனி விலையையும் ஒரே இடத்தில் கேட்டுச் சொல்லும் ஒரு ஏஜென்ஸியில் கைலாஷ் விவரம் கொடுத்தான். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரைக் கூப்பிட்டு அவர்கள் சில கேள்வி கேட்பார்களாம். போன் வந்தபோது நாகேஸ்வரன் கூடத்தில் பேப்பரில் முங்கியிருந்தார். விஜயலக்ஷ்மி உள்ளே அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி நின்ற இடைவெளிகளில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"தமிழ் தெரியுமோ? நல்லதாப் போச்சு... நான் ஓட்டறதில்லை. ஆத்துல ஓட்டுவா... ஆமா, ஆத்துலதான்... எப்பவும் ஆத்துலதான் கேட்டேளா... பயமா? எனக்குத்தான் பயம், ஆத்துல ஒரு பயமும் கிடையாது."

சரி, நம்மைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறார் என்று அவள் மறுபடி மிக்ஸியைப் போட்டாள்.

ரெண்டு நாளில் விலை வந்தது. ரெண்டு கம்பெனி முடியவே முடியாது என்று விட்டது. மற்றவை சொன்ன தொகையில் வருஷா வருஷம் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கலாம். கைலாஷ் அதைப் படித்துவிட்டு, ஆபீஸிலிருந்தே போன் பண்ணினான்.

"அம்மா, இந்த மாதிரி வண்டின்னா இப்படித்தான் கேப்பான். பெர்ஃபார்மன்ஸ் காராக்கும், வெளையாட்டில்லை. என் ஃப்ரெண்டு வினய் எடுத்துக்கறேன்கறான். சனிக்கிழமை வருவான். உனக்கு ஒரு சின்ன ஆட்டோமேடிக் வாங்கிக்கலாம். கோவிலுக்குப் போக, காய்கறி வாங்க அது போறும்."

"கோவில் நடக்கற தூரம்தான்டா" என்றாள் அவள். "காய்கறி வாசல்லயே வரது."

முப்பது வருஷம் ஊரார் பென்ஷனுக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கை இது. தனக்கென்று ஒன்று வாங்கினால் அதைப் பிடுங்கிக் காய்கறிக் கூடையைக் கொடுக்கிறார்கள். விற்பதாவது! விற்க மாட்டேன் என்று அவள் அடுப்பைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். கூடத்தில் பேப்பர் ஒரு தரம் மடங்கி விரிந்தது.

மறுநாள் தம்பானூரில் ஒரு இன்ஷுரன்ஸ் ஆபீஸுக்கு அவளே போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான். "சாரோ மோனோ வந்நிட்டில்லே?" புருஷரோ பிள்ளையோ கூட வரவில்லையா என்கிறான்.

"இல்லை. நான்தான் வந்திருக்கேன். நான்தான் வாங்கினது, நான்தான் ஓட்டறது. எங்கிட்டப் பேசினா மதி, போறும்."

அவன் பேசினான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் "சார் வந்நால்" என்றே ஆரம்பித்தான். ஆர்.சி. சார் பேரில் இருக்கிறதே, அவன்தான் என்ன செய்வான். அவள் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். பார்க்கிங்கிலிருந்து வண்டியை எடுத்தபோது கொஞ்சம் அதிகமாகவே உறுமவிட்டாள் என்று ஆட்டோக்காரர்கள் சாட்சி சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து ஏஜென்ஸிக்கு அவளே போன் போட்டாள். இத்தனை விலை எதனால் என்று கேட்டாள்; அதை ஓனரிடம்தான் சொல்வோம் என்றார்கள். வண்டியை ஆளனுப்பிப் பார்க்கட்டும், அதற்கப்புறம் பேசட்டும் என்று விடாப்பிடியாக நின்றாள். கடைசியில், சனிக்கிழமை ஒருத்தரை அனுப்புகிறோம் என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் சுனில் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, போட்டோ எடுத்துப் பரிசோதிக்கிற பையன். கைலாஷும் அப்போதே வந்து சேர்ந்தான். வினய் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னான். சுனில் வண்டியின் அழகைப் பார்க்கவே இல்லை. நேரே குப்புறப் படுத்து அடியில் டார்ச் அடித்தான். சக்கரத்தின் மேல் வளைவுக்குள் விரலை விட்டுச் சுரண்டினான். கதவைத் திறந்து கால்மிதியைத் தூக்கி மோந்து பார்த்தான். எழுந்தபோது முகத்தில் பெரிய ஆச்சரியம்.

"சேச்சி, ஒரு துள்ளி சேறு இல்லையே. இதை எத்தனை தடவை ஆற்றில் இறக்கி?"

"எதில?"

"ஆற்றில். வண்டி ஆற்றிலயாக்கும் ஓட்டம்னு ஓஃபீஸ்ல எழுதியிருக்கு. ஓனர் சார் தன்னே பறஞ்சதாணு, அவரே சொன்னது. எப்பவும் ஆற்றில்தான், பயமே கிடையாதுன்னு. உள்ளே வெள்ளம் கேறின எஞ்சின்னா கம்பெனிக்காரன் தொடுவானா? நான்கூட வரும்போ நெனச்சேன், ஜீப்புகாரன்மார் செய்யும், இந்தக் காரை ஆரு கொண்டுபோய் ஆற்றில் இறக்கும்னு."

விஜயலக்ஷ்மிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் மிக்ஸிக்கு நடுவே கேட்ட குரல் ஞாபகம் வந்தது. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கைலாஷும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரிப்பைப் பார்த்ததும் அவளுடையது நின்றுவிட்டது. பேர் சொன்னால் என்ன குறைந்துபோகும்? முப்பத்தைந்து வருஷம் வீடாக இருந்தாயிற்று, இப்போது ஆறாகவும் ஆகியாயிற்று. மனுஷியாக ஒரு நாள்கூட இல்லையா?

"ஏன்னா! இங்க வாங்கோ!"

நாகேஸ்வரன் பேப்பரோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்து, "நான் சரியாத்தானே சொன்னேன்" என்றார்.

"திருத்திடலாம் சார்" என்று சுனில் சமாதானம் சொன்னான். "இப்போ ஓஃபீஸைப் போனில் விளிச்சுத் தரேன். ஓனர் சொன்னா மதி, ரெக்கார்ட் ஆகும்." பிறகு வீட்டு ஓரத்தில் நின்ற பழைய வெள்ளைக் காரைக் காட்டினான். "அது ஆருடைய பேரில், சேச்சி?"

"என் பேர்ல. பதினாறு வருஷம். ஒரு கீறல் கிடையாது, ஒரு பைசா க்ளெய்ம் வாங்கினது கிடையாது."

"அது விக்கப் போறதோ? அப்போ பெரிய போனஸ் உண்டு, பாதிக்குப் பாதி குறையும். ஆனா போனஸ் வண்டிக்கில்லை, ஆளுக்காணு. இந்த வண்டி சேச்சி பேர்ல இருந்தாத்தான் கிட்டும்."

அவள் கைலாஷைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வினயைத் திரும்பிப் போகச் சொல்லு" என்றாள். "வெள்ளைக் கார் வேணும்னா வாங்கிக்கட்டும். கோவிலுக்குப் போக, காய்கறி வாங்க அது போறும்."

சுனில் போனை ஸ்பீக்கரில் போட்டு நாகேஸ்வரனிடம் நீட்டினான். அன்றைக்குப் பேசிய அதே பெண்.

"சார், வண்டி யாரு ஓட்டுவாங்க? தெளிவாச் சொல்லணும் சார்."

"ஆத்..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்தினார்.

"சார்?"

"கைலாஷோட..."

விஜயலக்ஷ்மி காரின் மேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவிக்குப் போகவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் ரெண்டு தலை தெரிந்தது. அவர் காது சிவந்துவிட்டது. உதடு ரெண்டு தரம் கூடிப் பிரிந்தது.

"விஜயலக்ஷ்மி" என்றார்.

சின்னக் குரல்தான். ஆனால் அவளுக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் வெளியே காட்டவில்லை. அவ்வளவு சுலபமாக விட்டுவிட அவளுக்கு மனசில்லை.

"கேக்கல சார், இன்னொரு தடவை?"

"விஜயலக்ஷ்மி. என் ஆம்படையா. அவதான் ஓட்டுவா. ரோட்டுலதான் ஓட்டுவா."

"வண்டியும் அவ பேருக்கே மாத்தறேன்னு சொல்லுங்கோ" என்றாள் அவள், போனுக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி. அதையும் அவர் சொன்னார்.

பேர் மாறி வரக் கொஞ்சம் நாள் ஆயிற்று. அதுவரை வண்டி வாசலிலேயே நின்றது. பிறகு பாலிசி வந்தது, அவள் பேரில், பாதி விலைக்கும் கீழே. அன்றைக்கே நாகேஸ்வரனை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைத் தானே மாட்டிவிட்டு, பைபாஸுக்கு விட்டாள். முன்னால் ஒரு கோழி வண்டி இறகு பறக்கப் போய்க்கொண்டிருந்தது. அதே வண்டியோ வேறு வண்டியோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். வலது பக்கம் காலியாவதற்குக் காத்திருந்து காலை அழுத்தினாள். நாகேஸ்வரனின் முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொண்டது.

"விஜயலக்ஷ்மீ! மெள்ள!"

"கேக்கலை" என்றாள் அவள், காலை எடுக்காமல். "இன்னொரு தரம் சொல்லுங்கோ."