ஒரே மாதிரி இருவர்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், யாரா என்ற ஆற்றில் நான் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றபோது, என் சட்டைக் கையில் இரண்டு மேஃப்ளை பூச்சிகள் வந்து அமர்ந்தன.

"அப்பா, ரெண்டும் சேம்தானே?" என்றாள் மகள்.

"இல்லையம்மா, வேற வேற இனம். இதின்ர செட்டையில மட்டும் கறை இருக்கு, பார்."

சொல்லும்போதே யாழ்ப்பாணத்து வீட்டுக் குசினி மணந்தது. நானும் கண்ணனும் இரட்டையர்கள். வாத்தியார்மாரே குழம்பிப் போவார்கள். அம்மாவோ அடுப்புப் புகைக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிட்டுக்கு மா குழைத்தபடி, பின்னால் வந்து நிற்பவனின் மூச்சுச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார்.

"கண்ணா, தேங்காய்ப்பூவில கை வைக்காத!"

ஒருமுறைகூட அம்மாவின் கணிப்புப் பிழைத்ததில்லை.

கண்ணன் போரில் காணாமல் போனான். அம்மாவுக்கு இப்போது மறதி நோய்.

மகள் பூச்சிகளை ஊதிப் பறக்கவிட்டாள். அந்நேரம் பார்த்து ஊரிலிருந்து அம்மாவின் அழைப்பு வந்தது.

"கண்ணா, சாப்பிட்டியோ?"

"ஓமம்மா," என்றேன். "சாப்பிட்டிட்டன்."