பொட்டு வைத்த டேங்க்

நாகமரையில் கிளம்பிய மோட்டார் படகு காவிரியின் நடுவில் நின்றுவிடுகிறது. அக்கரையில் பரீட்சை எழுத வேண்டிய கல்லூரிப் பெண் கைக்கடிகாரத்தையே பார்க்கிறாள்.

"டீசல் இல்லீங்களாக்கா?" என்கிறேன், படகோட்டும் செல்வியக்காவிடம்.

"நெறையக் கெடக்குதுங்க. எறங்க மாட்டேங்குது."

படகோடு பதித்த டேங்க்கின் மூடியைத் திருகுகிறார். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. உடனே அவர் விரல் டேங்க்கின் காற்றுத் துளையைத் தடவுகிறது. முந்தாநாள் ஆயுதபூசைச் சந்தனம் அதை அடைத்து இறுகியிருக்கிறது.

"காத்துப் போனாத்தானே டீசல் எறங்கும்? பொட்டு வெக்க எங்கூட்டுக்காரருக்கு வேற எடமே கெடைக்கலியா!"

அந்தப் பெண்ணின் ஹேர்பின்னை வாங்கித் துளையில் குத்துகிறார். என்ஜின் இருமிப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய ஆற்றில் எங்களை நிறுத்தியது ஒரு பொட்டுச் சந்தனமா! படகு கரை சேர்ந்ததும் அந்தப் பெண் சந்தனம் ஒட்டிய பின்னைத் தலையில் செருகிக்கொண்டு அக்கரை மணலில் குதித்து ஓடுகிறாள்.