படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்

எங்கள் கல்லூரியில் முதல்வர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது பெரிய பதவி. கார் உண்டு, ஏசி அறை உண்டு, வாசலில் பித்தளையில் பெயர்ப் பலகை உண்டு. உள்ளே வந்தால்தான் தெரியும், ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கக்கூட செக்ரெட்டரி தலையாட்ட வேண்டும். செக்ரெட்டரி என்பவர் தாளாளரின் மகன். வெளிநாட்டில் என்னவோ படித்துவிட்டு வந்தவர். அவர் வராந்தாவில் நடந்தால் தலை நரைத்த பேராசிரியர்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்கள். முதல்வர் அறையில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். அந்தப் படம் செக்ரெட்டரியின் போனில் ஓடும். முதல்வர் டீ குடித்தால்கூட அங்கே தெரியும்.

நான் கலீல், கணிதத் துறைத் தலைவன். பம்மலில் தோல் கிடங்குகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன், அதனால் என் மூக்கு எதையும் தாங்கும். மாடம்பாக்கம் தாண்டி இருக்கும் இந்தக் கல்லூரியின் நாற்றம் மட்டும் இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை.

ஜெபசீலன் சார் இங்கே முதல்வராக வந்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா ஞானையா ரயில்வேயில் கலாசி என்கிற கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்து மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். மகன் வேதியியல் படித்து, சென்னையில் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் காலம் முழுக்கப் பாடம் நடத்தினார். அங்கே முதல்வர் பதவி காலியானபோது சீனியாரிட்டியில் இவர்தான் முதல் ஆள். ஆனால் நிர்வாகக் குழுவில் ஆள் பலம் உள்ளவருக்குப் பதவி போனது. மனுஷன் துறைத் தலைவராகவே ஓய்வு பெற்று, சேலையூரில் வீட்டோடு இருந்தார். அப்போதுதான் எங்கள் தாளாளர் ஆள் அனுப்பினார்.

"பென்ஷன் வருது, பொண்ணு ஜெரூஷாவும் செட்டில் ஆயிட்டா. உங்களுக்கு எதுக்கு இந்த பேஜார்?" என்று அவர் மனைவி புஷ்பம் அக்கா கேட்டாராம்.

"ஒரு காலேஜை ஒழுங்கா நடத்திப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு புஷ்பம்" என்றாராம் இவர். ஆசைப்பட்டதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

வந்த புதிதில் ஆபீஸ்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஒரு காகிதத்தை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். மாணவனின் வருகைப் பதிவை ஏற்றிப் போட்டிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். அவர் மேஜைக்குப் போன காகிதம் பிரசவமாகித்தான் திரும்பி வரும் என்று கிளார்க்குகள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். பொய் என்று தெரிந்து அவர் எதிலும் பேனாவை வைத்ததில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அவர் சம்பாதித்த சொத்து.

அப்படிப்பட்டவரும் ஒரு தப்புச் செய்தார். எங்களை மாதிரி தனியார் கல்லூரிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. ஆசிரியர்கள் எல்லாரும் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும், பல்கலைக்கழக இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம் என்று நிர்வாகம் சொன்னது. பத்தாம் வகுப்பிலிருந்து பிஎச்.டி. வரை வாழ்நாள் முழுக்கப் படித்தது மொத்தமும் ஒரு பைலில் அடங்கிவிடும். அதைக் கையை விட்டுக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. ஜெபசீலன் சார் எழுந்து தன் பைலை முதல் ஆளாக மேஜை மேல் வைத்தார்.

"இதோ, என்னோடது. இன்ஸ்பெக்ஷன் முடிஞ்சதும் நானே வாங்கித் தர்றேன்" என்றார்.

அவர் முகத்துக்காக எல்லாரும் கொடுத்தோம். இன்ஸ்பெக்ஷன் முடிந்தது, பைல்கள் திரும்பி வரவில்லை. செக்ரெட்டரி அறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் போனவை போனவைதான். பீரோவில் பைல் இருக்கிறவரை எவனும் வேறு வேலைக்குப் போக முடியாது. சம்பளம் ஏறாவிட்டாலும், மே மாத வெயிலில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க அனுப்பினாலும், வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். இவர் போய்க் கேட்கும்போதெல்லாம், "இருக்கட்டும் சார், இங்கதான் சேஃப்" என்று செக்ரெட்டரி சிரிப்பார்.

"நான்தானே கலீல் முதல்ல குடுத்தேன்" என்று சார் என்னிடம் புலம்புவார். தூக்கத்திலும் அதையே சொல்வதாகப் புஷ்பம் அக்கா சொல்லியிருக்கிறார்.

இந்த நேரத்தில்தான் ஷாயிஸ்தாவுக்கு அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. ஷாயிஸ்தா எங்கள் வேதியியல் துறையில் விரிவுரையாளர். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் பெண். அவளுடைய அத்தா தள்ளுவண்டியில் பாய், தலையணை விற்று அவளைப் படிக்க வைத்தார். அந்தக் குடியிருப்பில் பிஎச்.டி. வாங்கிய பெண் அவளைத் தவிர வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பரீட்சை எழுதி, தேர்வாகி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லி அழைப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை ஒரிஜினல்களோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் முதல்வர் அறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"சார், ஆபீஸ்ல கேட்டா செக்ரெட்டரி சாரைக் கேளுன்றாங்க. அவரு அடுத்த இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்ன்றாரு. அதுக்குள்ள தேதி போயிடும் சார்." சொல்லிக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "எங்க அத்தா ஊரெல்லாம் சொல்லிட்டாரு சார்."

"உக்காரும்மா. நான் வாங்கித் தர்றேன்" என்றார் ஜெபசீலன் சார்.

அவள் உட்காரவில்லை, அதற்குள் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. செக்ரெட்டரிதான். போனில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"அந்தம்மா எதுக்கு சார் அங்க அழுதுக்கிட்டு நிக்கிறாங்க? நீங்க மேல வாங்க. ஸ்டாஃப் லிஸ்ட் எடுத்துக்கிட்டு கலீல் சாரும் வரட்டும்."

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகக் குழு மறுபடியும் வரவிருந்தது. எத்தனை மாணவர்களுக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். நான் தயாரித்த பட்டியலில் உண்மையில் வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். அது போதாது. அதனால் செக்ரெட்டரி தன் பங்குக்கு ஒன்று தயாரித்தார். எங்கள் கேட்டைக்கூட மிதிக்காதவர்கள், எப்போதோ ஓய்வு பெற்றவர்கள், சிங்கப்பூரில் குடித்தனம் நடத்தும் யாரோ ஒருவரின் மருமகள் என்று கலந்துகட்டி ஒரு பட்டியல். குழு வரும் அன்றைக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார வாடகைக்கு ஆட்களும் தயார். இதில் முதல்வர் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வாரமாக ஜெபசீலன் சார் முடியாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

மேலே போனோம். செக்ரெட்டரி எங்களை உட்காரச் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து ஷாயிஸ்தாவின் பைலை எடுத்து மேஜையில் போட்டார். பக்கத்திலேயே தான் தயாரித்த பட்டியலையும் வைத்தார்.

"ரெண்டும் இங்கதான் சார் இருக்கு. நீங்க இதுல சைன் பண்ணுங்க, அதை எடுத்துக்கிட்டுப் போங்க. சிம்பிள்."

"தம்பி, அது அந்தப் பொண்ணோட வாழ்க்கை" என்றார் சார்.

"இது என் காலேஜ் சார்."

இப்படிப் பேச எப்படித்தான் வாய் வருகிறதோ. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. என் பைலும் அந்தப் பீரோவுக்குள்தான் இருந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜெபசீலன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டியலைக் கையில் எடுத்தார். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு வரியாகப் படித்தார். செக்ரெட்டரி இரண்டு தடவை வாட்ச்சைப் பார்த்தார். படித்து முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷாயிஸ்தாவின் பைலை எடுத்துக்கொண்டார்.

படி இறங்கும்போது கேட்டேன்: "உங்க பைலையும் கேட்டிருக்கலாமே சார்?"

"எனக்காகப் பொய் சொன்ன மாதிரி ஆயிடும் கலீல்" என்றார். கொஞ்சம் நின்று, "இது அந்தப் பொண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வாங்கமாட்டா. வாங்கினாலும் நிம்மதியா இருக்கமாட்டா. எனக்கு வாக்கு குடுங்க" என்றார்.

கொடுத்தேன். கீழே ஷாயிஸ்தா பைலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சார் கேட்டா அவங்க இல்லன்னு சொல்லுவாங்களா?" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஓடினாள். வேலையும் கிடைத்தது.

குழு வந்தது. வாடகைக் கோட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குழுவில் வந்த ஒரு பேராசிரியை பட்டியலைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பெயரில் நின்றுவிட்டார். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

"இந்தப் பேருக்காரர் எனக்கு பிஎச்.டி. கைடு. போன வருஷம் அவர் சாவுக்கு நான் போயிருந்தேன்" என்றார் அந்த அம்மா.

அதற்குமேல் என்ன இருக்கிறது? தோண்டத் தோண்ட எல்லாம் வெளியே வந்தது. பட்டியல் முதல்வர் தயாரித்தது, அவரை நம்பி நாங்கள் ஏமாந்துவிட்டோம் என்று தாளாளரும் மகனும் எழுதிக் கொடுத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஊரில் அது மட்டும் பிசகுவதே இல்லை.

விசாரணைக்கு முன் நான் சார் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். "நடந்ததைச் சொல்லிடுங்க சார். பைலைப் பிடிச்சு வெச்சு மிரட்டினாங்கன்னு சொல்லுங்க. நான் சாட்சிக்கு வர்றேன். என் பைல் போனாப் போகட்டும்."

"சொன்னா எந்தப் பைல்னு கேப்பாங்க. ஷாயிஸ்தாவை இழுப்பாங்க. அந்தப் பொண்ணும் உடந்தைன்னு செக்ரெட்டரி கூசாமச் சொல்லுவான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகுது, நிறுத்தி வெச்சுட்டா அவ அத்தா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அப்ப என்ன சொல்லப் போறீங்க?"

"படிக்காம போட்டுட்டேன்னு சொல்லப் போறேன்."

அப்படியேதான் சொன்னார். விசாரணைக் குழுவில் ஒருவர் அவரிடமே படித்தவராம். தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டாராம். இனி எந்தக் கல்லூரியிலும் எந்தப் பொறுப்பிலும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற முறை அவருடையது. போதகர் வீட்டுக்கே வந்து, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க ஐயா" என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய ஒரிஜினல்கள் இன்னும் அந்தப் பீரோவில்தான் கிடக்கின்றன. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் தரவும் இல்லை. புஷ்பம் அக்கா மட்டும் நம்பவில்லை.

"மளிகைக்கடை பில்லையே ரெண்டு தரம் படிக்கிற மனுஷன் கலீல். இவரு படிக்காம போட்டாராம். என்கிட்டயே சொல்றாரு" என்பார். நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருஷம் பக்ரீத் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்குப் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஷாயிஸ்தா வந்தாள். கையில் ஸ்வீட் பாக்ஸ், கூடவே அவள் அத்தா. அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஓரமாகக் கூச்சத்தோடு உட்கார்ந்தார். சார் முகம் பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மலர்ந்தது. எந்த வகுப்பு எடுக்கிறாய், லேப் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் ஆசையாகப் பதில் சொன்னாள். புஷ்பம் அக்கா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்றாள் ஷாயிஸ்தா. "நியூஸ் பார்த்துட்டு எனக்கு மனசே ஆறல சார். நீங்க எவ்ளோ நல்லவர். அவங்க நீட்டின இடத்துல இப்படிப் படிக்காம போட்டுட்டீங்களேன்னு நானும் அத்தாவும் பேசாத நாளில்ல."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கை மட்டும் என் முழங்கால் மேல் வந்து அழுத்தியது.

"எங்க காலேஜ்ல பசங்களுக்கு முதல் கிளாஸ்ல உங்க கதையைத்தான் சார் சொல்றேன்" என்றாள் அவள். "பேரு சொல்லமாட்டேன். எவ்ளோ பெரிய படிப்பு படிச்சாலும், படிச்சுப் பார்க்காம ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா வாழ்க்கையே போயிடும், எங்க பிரின்சிபால் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சுன்னு சொல்லுவேன். பசங்க அப்படியே கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க சார்."

அவள் அத்தா, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார். புஷ்பம் அக்கா தன் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லும்மா" என்றார் ஜெபசீலன் சார். "பசங்களுக்குத் தெரியட்டும்."