ஸ்டூடியோ போன் பதினோரு முறை அடித்தது

அண்மையில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு நான் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். அதே மூன்று மணிக்கு ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் மீன் வாங்கிக்கொண்டும் இருந்தேன்.

எப்படி என்கிறீர்களா? வார இறுதி நிகழ்ச்சிகளை வெள்ளிக்கிழமையே பதிவு செய்து கணினியில் ஏற்றிவிடுவோம். நேரம் சொல்வது முதல் சிரிப்பு வரை எல்லாம் முன்கூட்டியே. நேயருக்கு அது தெரியக் கூடாது — அதுதான் தொழில் சாமர்த்தியம் என்று நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் கோத்தா திங்கியில், வாசலில் விளையாடிக்கொண்டிருந்த புனிதாவின் ஆறு வயது மகளைக் காணவில்லை. புனிதா என் பழைய நேயர். பிறந்தநாள் வாழ்த்துக்குத் தவறாமல் கூப்பிடுவாள். கணவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு ஸ்டூடியோவுக்குப் போன் அடித்திருக்கிறாள். பக்கத்தில் ரேடியோ ஓடுகிறது... “நான் உங்ககூடத்தான் இருக்கேன், எங்கேயும் போயிடாதீங்க” என்கிறேன் நான். பதினோரு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு யாரிடமோ என் கைப்பேசி எண்ணை வாங்கி அழைத்துவிட்டாள்.

“அக்கா, பாப்பாவ காணோம்க்கா. மஞ்ச கவுனு போட்டிருக்கா. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

நிலைய மேலாளரை அழைத்தேன். “போலீஸ் ரிப்போர்ட் காப்பி இருக்கா? அது இல்லாம வாசிக்க முடியாது லா. பொய்த் தகவல் நிறைய வருது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. பழைய வாட்ஸ்அப் தகவலை வாசித்து, வீட்டில் பத்திரமாக இருந்த பிள்ளையை ஊரெல்லாம் தேட வைத்தவர்கள் நாங்கள். காப்பி வந்து, தலைமையகம் சம்மதித்து, நானே காரோட்டிப் போய்க் கணினியை நிறுத்தி மைக்கைத் திறந்தபோது மணி ஏழு.

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர்.

“மஞ்ச கவுனா? நாலரைக்கு ஆத்துப் பாலத்துகிட்ட தனியா நடந்து போச்சும்மா. அந்தக் கம்பத்துப் பிள்ளை, கிராமத்து வீட்டுக்குத்தான் போகுதுன்னு நெனச்சுட்டேன். அப்பகூட உங்க புரோகிராம்தான் கேட்டுட்டு இருந்தேன்.”

மறுநாள் காலை பிள்ளையை ஆற்றில் கண்டெடுத்தார்கள்.

விளம்பரம் ஒன்று விட்டுப்போனால் பத்து நிமிடத்தில் என்னைத் தேடிப் பிடித்துவிடுவார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது, விடுமுறை நாளிலும் ஆள் இருக்கிறது. பிள்ளை காணாமல் போனால் என்ன செய்வது என்று இத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது.

இறுதிச் சடங்கில் புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரேடியோவுல பேசிட்டுத்தானே இருந்தீங்க... ஏன்க்கா போன எடுக்கல?”

அது பதிவு செய்த குரல் என்று சொன்னேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்ப அங்க யாருமே இல்லையாக்கா?”

இல்லை.