ரெப்போவுக்குள் ஒரு ரெப்போ

நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் அறையிலிருந்துதான் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். நிறுவனத்தின் நிரல் முழுவதும் ஒரே பெரிய ரெப்போவில், அதாவது இணையத்தில் உள்ள நிரல் களஞ்சியத்தில், இருக்கிறது. அதற்குள் நான் எழுதிய தமிழ்த் தேடல் வசதி மட்டும் தன் சொந்த மாற்ற வரலாற்றோடும் இணைய முகவரியோடும் தனி ரெப்போவாக இருக்கிறது. உள்ளே எதையாவது மாற்றினால் முதலில் உள்ளே இருப்பதை இணையத்தில் ஏற்ற வேண்டும், பிறகுதான் வெளியே இருப்பதை; இல்லாவிட்டால் வெளியே இருப்பது, ஏற்றப்படாத மாற்றத்தைத் தேடி நின்றுவிடும்.

போன வாரம் குழுத் தலைவர் என் பகுதியில் கைவைத்துவிட்டு, வெளியே இருப்பதை மட்டும் ஏற்றினார். யாருடைய கணினியிலும் நிரல் ஓடவில்லை.

"உங்க மலையில சிக்னல் சரியில்ல," என்றார் கூட்டத்தில். மலையைக் குறை சொல்வது யாருக்கும் சுலபம்.

"நீங்க செஞ்ச மாத்தம் உங்க கம்ப்யூட்டர்லயே கெடக்கு சார். அதை ஏத்துங்க," என்றேன். ஏற்றினார், ஓடியது.

அப்போதும் விடவில்லை. "இதுக்கு எதுக்குத் தனி ரெப்போ? பெரிசுக்குள்ளயே கொட்டிடுங்க."

நான்கு தலைமுறையாக இந்த லயத்தில் இருக்கிறோம். இந்த அறைக்கென்று ஒரு முகவரி கிடையாது. எங்களுக்கு எது வந்தாலும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும்.

"நான் எழுதினதுக்குச் சொந்தமா ஒரு அட்ரஸ் இருக்கு சார்," என்றேன். "அதை அழிக்க விடமாட்டேன்."