இரவல் குரல்

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார் ஏனோக். இன்னொரு கை மேலே எழும். அதற்குப் பிறகு கொட்டகையில் யாரும் மூச்சுவிடக் கூடாது. "பேரிங் அழுவுது" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. போன வருஷம் வரைக்கும் அப்படித்தான்.

மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. டீசல் ஜெனரேட்டர்களுக்கு அங்கேதான் வைத்தியம். எண்ணெய்த் தட்டு கழுவ வந்தவர், கொட்டகைக்கே முதலாளியானார். கை பிடித்துத் தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது. "செகந்திராபாத்துல என் கை படாத ஜெனரேட்டர் ஓடற கல்யாண மண்டபம் ஒண்ணு காட்டு, மீசைய எடுத்துடறேன்" என்பார். மீசை இன்றைக்கும் இருக்கிறது.

படிப்பு இரண்டாங்கிளாஸோடு நின்றது. எழுத்து மனதில் தங்கவில்லை, கையெழுத்து மட்டும் தங்கியது. வேதக் கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக் கணீரென்று பாடுவார். பக்கம் திருப்ப மட்டும் மனைவி டோரிஸின் விரலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். யாராவது புத்தகப் பேச்சு எடுத்தால், "நமக்கு டைம் ஏது பாய்?"

ஹப்சிகுடாவில் ஒரு நூலகத்து ஜெனரேட்டரைப் பார்க்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். நூலகர் சுபாஸ்ரீ மதுரைப் பக்கத்துப் பெண். உறுப்பினர் அட்டை ஒன்றை நீட்டினாள்.

"டைம் இல்லம்மா."

"வேலை பாத்துக்கிட்டே கேக்கலாம் அய்யா. போனே வாசிச்சுக் காட்டும். காசு கெடையாது."

"சும்மா குடுக்கற சாமான்ல நட்டு லூசா இருக்கும்."

"நீங்கதான் மெக்கானிக்காச்சே, முடுக்கிருங்க."

சிரித்துவிட்டார். அவளே ஒரு தமிழ்க் கதையைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். "இரவல்தான் அய்யா. தவணை முடிஞ்சா தானாத் திரும்பிப் போயிரும்."

அன்றையிலிருந்து கொட்டகையில் ஒரு பெண்குரல் குடியேறியது. வாடிக்கையாளர் வந்தால், "கொஞ்சம் இரும்மா" என்று அந்தக் குரலிடம் சொல்லிவிட்டுத்தான் போனை நிறுத்துவார். சாப்பாட்டு வேளையில் டோரிஸுக்கு ஒரே அளப்பு. "உங்க பாஸ்டர்கூட இவ்ளோ புஸ்தகம் பாத்திருக்க மாட்டாரு. ஹவ், ஆமா! கைக்கு சிரிக்கறே, ஏன்?" எழுபது வயதில் ஒரு மனிதன் முதல்தடவை பள்ளிக்கூடம் போன மாதிரி இருந்தது அவர் முகம்.

எஞ்சின் இத்தனை வருஷம் சோறு போட்டது. கூலியைக் காதிலிருந்து பிடித்துக்கொண்டது. வலது காது எப்போதோ போய்விட்டது, அதையும் வெளியே சொன்னதில்லை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடதும் மங்கியது. நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். காதில் மெஷின் வைத்தால் சத்தம் பெரிதாகுமே தவிர, சொல் விளங்காது. "மெஷின் நக்கோ, வேணாம். நான் என்ன செவிடனா? அந்தப் பொண்ணுதான் இப்பல்லாம் முணுமுணுக்குது" என்று, டோரிஸ் வாங்கி வந்த மெஷினை டூல்ஸ் பெட்டிக்குள் போட்டார்.

அப்போது பாதியில் இருந்தது ஒரு கதை. தண்ணீர் பிடிக்க இறங்கி ரயிலைத் தவறவிட்ட மகனை, ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடிப் போகிறாள் சலவைக்காரி ஒருத்தி. கடைசியில் ஒரு பிளாட்பாரத்தில் ஒரு பையனின் தோளைத் தொடுகிறாள். அவன் திரும்புகிறான். அந்த இடத்தில்தான் ஏனோக்குக்குச் சொற்கள் இரைச்சலாகிப்போயின. மறுபடி மறுபடி அதே இடத்தை ஓடவிட்டார். இரைச்சல்தான்.

டோரிஸ் முழுவதும் கேட்டு முடித்தாள். கேட்டு என்ன பிரயோஜனம்? கத்திச் சொன்னாள், அவருக்கு எட்டவில்லை. பென்சிலை எடுத்தாள். எடுத்த பிறகுதான் உறைத்தது. காகிதத்தைக் கசக்கினாள். அவன் மகன்தானா இல்லையா என்பதைத் தலையை ஆட்டியாவது சொல்லிவிடலாம் என்று எதிரே போய் நின்றால், அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "நீ சொன்னா அது உன் கதை. நான் அந்தப் பொண்ணு வாயாலயே கேக்கறேன்."

நேற்று அவள் மத்தியானச் சாப்பாட்டோடு போனபோது கொட்டகையில் எந்த எஞ்சினும் ஓடவில்லை. பட்டறை மேசையில் போன். அதன்மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனி. மரப்பிடி காதுக்குப் பின்னால், எலும்பில். ஏனோக் கண்ணை மூடியிருந்தார்.

"ஓடுது" என்றார்.

டோரிஸ் குனிந்து பார்த்தாள். கதையின் படம் இருந்த இடம் காலி. தவணை முடிந்து காலையிலேயே அது நூலகத்துக்குத் திரும்பியிருந்தது. அவர் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

அவருடைய இன்னொரு கை மேலே எழுந்தது.

டோரிஸ் நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.